அம்மாச்சிக்கு ஒரு பயணக் காணொளி

வடமாநில நகர் ஒன்றில் தமிழ் கற்பிக்கும் எனக்குக் கோடை விடுமுறை என்றால் சொந்த ஊர்ப் பயணம்தான். ஓராண்டு மட்டும் அவ்வழக்கம் மாறியது. தென் இத்தாலியின் கடற்கரை நகராகிய பாரியில் என் தங்கை குடும்பத்துடன் வாழ்கிறாள். அவள் அழைப்பை ஏற்று அங்கே மூன்று வாரம் தங்கினேன்.

சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக்கு அருகில் வாழும் என் அம்மா, அந்நகரின் பெயரைக் கேட்டதும், “நம் பாரி மன்னன் பெயரா?” என்று வியந்தார். பாரி ஆண்ட பறம்புமலையே இன்றைய பிரான்மலை என்பர். இரு பெயர்களுக்கும் ஒலி ஒற்றுமையன்றி வேறு உறவில்லை. ஆயினும் அந்த ஒற்றுமையே அம்மாவுக்கு அவ்வூரின்மீது ஆசையை வளர்த்தது. “என்னால் அவ்வளவு தூரம் வர இயலாது. நீங்கள் காண்பதை எனக்கும் காட்டுங்கள்” என்றார்.

பத்து வயதான தங்கை மகள் உடனே, “அம்மாச்சிக்காக ஒரு பயண நிகழ்ச்சி எடுப்போம், பெரியம்மா” என்றாள். எங்களிடம் இருந்தவை ஒரு கைப்பேசியும் சிறிய ஒலிவாங்கியும் மட்டுமே. கடற்காற்றின் இரைச்சல் புகாதிருக்க ஒலிவாங்கியின்மேல் பஞ்சைச் சுற்றினோம்.

முதற்பகுதியைப் பாரியின் பழைய நகரில் எடுத்தோம். குறுகிய தெருக்களைக் காட்டி, “அழகான ஊர். பாருங்கள், அம்மாச்சி” என்று கூறி முடித்தாள். மறுநாள் அம்மாவின் குரல் தொலைபேசியில் தயங்கியபடி வந்தது. “கண்நீர் அழுத்த நோயால் எனக்குப் படம் புகைபோலத்தான் தெரிகிறது, ஆத்தா. நீ பார்த்ததைச் சொல்.”

சிறுமியின் முகம் வாடியது. “எனக்கு அவ்வளவு தமிழ் வராதே” என்றாள். ஆசிரியை அல்லவா நான்? அழகிய சொற்களால் ஓர் உரை எழுதி, அவளை மனப்பாடம் செய்ய வைத்தேன். அதைக் கேட்ட அம்மா, “இது உன் பெரியம்மா பேச்சு. உன் பேச்சு எங்கே?” என்றார். நான் தலைகுனிந்தேன், எழுதிய தாளை மடித்து வைத்தேன்.

அடுத்த முறை, வீட்டுவாசலில் மேசையிட்டு ‘ஒரெக்கியெத்தே’ செய்யும் பெண்களிடம் சென்றோம். சிறுமி தானே பேசினாள். “ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைகிறார்கள். கயிறு மாதிரி உருட்டி, சின்னதாக வெட்டி, கத்தியால் இழுத்துக் கட்டைவிரலில் கவிழ்க்கிறார்கள். குட்டிக் காது மாதிரி இருக்கிறது!” அப்பெயரின் பொருளும் ‘சிறு காதுகள்’ என்பதே. அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

பின்பு அல்பெரோபெல்லோ சென்றோம். அங்குள்ள ‘துருல்லி’ வீடுகளின் கூரைகள் சாந்து இன்றிச் சுண்ணாம்புக் கற்களை அடுக்கி எழுப்பப்பட்டவை. 1996இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ‘கூம்பு’ என்னும் சொல்லை அறியாத சிறுமி, “தலையில் புனலைக் கவிழ்த்துக்கொண்ட வீடுகள்” என்றாள். அம்மாவுக்கு அது விளங்கிவிட்டது.

பாரியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மத்தேரா எங்களை மௌனமாக்கியது. அங்கே பாறைச் சரிவைக் குடைந்து அமைத்த வீடுகளில் மக்களும் கால்நடைகளும் ஒன்றாக வாழ்ந்தனர். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, சுமார் 15,000 பேர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். கைவிடப்பட்ட அப்பகுதியே 1993இல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று.

இதைக் கேட்ட அம்மா ஒரே ஒரு வினா எழுப்பினார். “எங்களுக்கு ஊருணி உண்டு. அந்தப் பாறையில் அவர்களுக்குத் தண்ணீர் ஏது?” வறண்ட மண்ணில் வாழ்ந்தவரின் வினா அது. எங்களிடம் விடை இல்லை. “ஊருணி என்றால் என்ன?” என்று சிறுமி கேட்டாள். ஊரார் உண்ணும் நீர் நிறைந்த குளம் என்றேன்.

அடுத்த ஞாயிறு மீண்டும் மத்தேரா சென்றோம். நகரின் முதன்மைச் சதுக்கத்தின் அடியில் ‘பலோம்பரோ லுங்கோ’ என்னும் பழைய நீர்த்தொட்டி உள்ளது. சுமார் 50 லட்சம் லிட்டர் நீரைத் தேக்கவல்லது. படியிறங்கி நின்ற சிறுமி, எவரும் சொல்லித் தராமலே கூறினாள்: “அம்மாச்சி, இது பூமிக்குள் ஒளிந்திருக்கும் ஊருணி!”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா, “இப்போது தெரிகிறது, ஆத்தா” என்றார்.

மாணவர்களே, நீங்கள் வாழும் நகரத்தைக் காணாத ஒருவர் உங்கள் சொந்த ஊரில் இருப்பார். அவருக்கு அதைச் சொல்லிப் பாருங்கள். சொல் கிடைக்காவிடில் நின்றுவிடாதீர்கள்; தெரிந்த சொற்களால் விளக்குங்கள். தெரியாத சொல்லை அவரே உங்களுக்குத் தருவார்.