சில நாட் குடிகளும் வீட்டுக்காரர் கடமையும்

விடுமுறைக்கு வருவோருக்கு நாட்கணக்கில் வீடு விடும் தொழில் கெடாவில் நம்மவரிடையேயும் பரவி வருகின்றது. 1987ஆம் ஆண்டில் தீர்வையற்ற தீவாக்கப்பட்ட லங்காவியோடு அது நிற்கவில்லை. பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களைக் காண்போரும், தைப்பூசத்துக்கும் கலியாணத்துக்கும் வரும் உறவினரும் சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் தங்க இடம் தேடுகின்றனர். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் படை வந்த கடாரம் இதுவே என்று அறிஞர் பலர் கூறக் கேட்டு, தமிழ்நாட்டிலிருந்து வருவோரும் உளர். யாமும் சுங்கை பட்டாணியில் சிறு வரிசை வீடொன்றை இவ்வாறு விட்டு வருவதால், இதுபற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

சௌகரியமென்பது மெத்தென்ற ஆசனமும் பெரிய படப்பெட்டியுமே என்பது பலர் எண்ணம். எமது அனுபவம் வேறு. வந்தவர் முதலிற் கேட்பது தண்ணீர். குழாய் வறண்டுபோகும் நாட்கள் உண்டாகையால், நிறைந்த தொட்டியொன்று எப்போதும் இருத்தல் வேண்டும். அடுத்தது தூக்கம்; சன்னல்களுக்குக் கொசு புகாத வலையும், வயது முதிர்ந்தோர்க்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையும் அவசியம். இல்லாத ஒன்றை இல்லையென்று முன்னரே சொல்லிவிடுதல் இவை எல்லாவற்றிலும் பெரிய சௌகரியம்.

மற்றொன்றும் உண்டு. கெடாவில் வார ஓய்வு வெள்ளியும் சனியும். கோலாலம்பூரிலிருந்து வருபவருக்குச் சனி இரவு கொண்டாட்ட இரவு. அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ மறுநாள் பள்ளிக்கூடம். இதனை வந்தவுடனே பக்குவமாய் எடுத்துரைத்தால் இருதரத்தாரும் நிம்மதியாய் உறங்குவர்.

இவை யாவும் தோட்டத்திற் பிறந்த நமக்கு ஒருவர் கற்பிக்க வேண்டியவை அல்ல. நம் பெற்றோர் வாழ்ந்த லயம் அவர்களுடையதன்று. கூரை ஒழுகினால் கைகட்டி நின்று கேட்டார்கள். வேலை போயின் வீடும் போயிற்று. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரும், "கொடுத்ததைக் கொண்டு அடங்கியிரு" என்ற சொல்லைக் கேட்டவர் பலர். அவர்தம் மக்களாகிய நாம், பணங்கொடுத்துத் தங்குபவரிடம் அதே சொல்லைச் சொல்லலாமா?

இனி, சௌகரியத்துக்கெல்லாம் முந்திய விஷயம் ஒன்று. "இந்தியருக்கு வீடில்லை" என்னும் வாடகை விளம்பரங்களை இந்நாட்டில் நாம் கண்டிருக்கின்றோம், கண்டு கொதித்திருக்கின்றோம். அவ்வாறு கொதித்த நம்மவரிலேயே சிலர், தமிழரொருவர் இடம் கேட்டால், "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று வினவுகின்றனர். ஒருநாள் எம்மைத் தொலைபேசியில் அழைத்த பெரியவரொருவர், நாளும் வாடகையும் கேட்குமுன்னே, "நாங்கள் இன்னார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன் ஐயா, பிள்ளைகளோடு வாசலுக்கு வந்த பிறகு திருப்பி அனுப்பிவிடாதீர்கள்" என்றார். "அது எமக்கு வேண்டாம் ஐயா, எத்தனை பேர், எந்நாள், கைக்குழந்தை உண்டா என்பதை மட்டும் சொல்லுங்கள்" என்றோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. வேறெங்கோ பட்ட அவமானத்தை அம்மௌனம் எமக்கு உணர்த்திற்று. எத்தனை மெத்தை விரித்தால் இத்தகையவருக்கு உறக்கம் வரும்?

மலேசிய விடுதிகளில் முஸ்லிம்கள் தொழுவதற்குத் திசைகாட்டும் அம்புக்குறியைக் கூரையிற் காண்கின்றோம். வருபவர் யாராயினும் அவர்தம் வழக்கத்தோடு தங்கலாம் என்பதே அதன் பொருள். நம் வீடுகளிலும் அந்த மனப்பான்மை வேண்டும். மரக்கறி உண்போருக்குத் தனிச் சட்டி வையுங்கள், அது வசதி. ஒரு சாதியாருக்கெனத் தனிக் குவளை வைப்பதோ இழிவு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டாம்.

இறுதியாக, விருந்தினர் போனபின் வீட்டைக் கழுவித் துணி துவைப்பவள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வரும் ஒரு தாயே. தைப்பூச வாரத்தில் வாடகையை உயர்த்துவோர் அவள் கூலியையும் உயர்த்துகின்றனரா? வீடு விடும் தோழர்கள் தத்தம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகின்றோம்.