அந்த அம்மா சொல்ல வந்த கதை



நவம்பர் மாதம், மரித்த நம் உறவுகளுக்காகச் செபிக்கும் மாதம். கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்த பின், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா ஆலய வாசலில் எனக்காகக் காத்திருந்தார். “சுவாமி, 1864 நாடகம் பார்த்தனீங்களோ?” என்று கேட்டார். அவர் சொன்னதை அவருடைய அனுமதியுடனேயே இங்கு எழுதுகிறேன். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தவிர்த்துள்ளேன்.

‘1864’ என்பது ஊலே போர்னடால் இயக்கி, 2014ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டேனிஷ் தேசியத் தொலைக்காட்சியில் 8 பகுதிகளாக ஒளிபரப்பான வரலாற்று நாடகம். 1864 ஏப்பிரல் 18இல் டியுப்பல் அரண்களில் டென்மார்க் பிரஷ்யாவிடம் தோற்றது. அந்தப் போரின் முடிவில் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லாவன்பூர்க் என்னும் மூன்று நிலப்பகுதிகளும் கைவிட்டுப் போயின. அந்தத் தோல்வியே நாடகத்தின் களம். அரசியல்வாதிகளைச் சித்திரித்த விதம் சரியா, பிழையா என்று இந்நாட்டார் அப்போது கடுமையாக விவாதித்தார்கள்.

நம் அம்மாவின் மனம் அந்த விவாதத்தில் நிற்கவில்லை. பள்ளிப் பாடத்திற்காகப் பார்த்த பேத்தியின் அருகில் அமர்ந்து, அவள் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அவரும் பார்த்திருக்கிறார். இங்க என்ற பெண் எழுதிவைத்த நினைவுகளை, தலைமுறைகள் கடந்து, குளோடியா என்ற இளம்பெண் ஒரு முதிய பிரபுவுக்கு வாசித்துக் காட்டுகிறாள். குளோடியாவின் சொந்த அண்ணனோ ஆப்கானிஸ்தானில் மாண்ட படைவீரன். அந்த நினைவுகளில் ஒருவன் வருகிறான். முந்தைய போரிலிருந்து உடல் திரும்பியும் மனம் திரும்பாத, பண்ணைப் பிரபுவின் மகன் திட்ரிக். அவனைக் கண்டதும் அம்மாவுக்குத் தன் கணவர் நினைவுக்கு வந்துவிட்டார்.

அவருடைய கணவர் இளமையில் ஊரில் ஆயுதம் ஏந்தியவர். எண்பதுகளின் இறுதியில் டென்மார்க் வந்தார், மணம் முடித்தார், தொழிற்சாலையில் ஓய்வு பெறும் வரை உழைத்தார், சில ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தார். நல்ல மனிதர் என்றே நாம் அனைவரும் அவரை அறிவோம். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் இந்நாடு வாணவேடிக்கையில் அதிரும்போது அவர் நிலவறைக்குள் இறங்கிவிடுவாராம். இவர் தேநீருடன் படியில் அமர்ந்து விடியும்வரை காத்திருப்பாராம்.

“முப்பது வருசம் பக்கத்தில படுத்தெழும்பினன் சுவாமி. அவர் எங்க சண்டை பிடிச்சவர், ஆரைப் பறிகுடுத்தவர் எண்டு ஒண்டும் எனக்குச் சொல்லேல்லை. ஆனா அந்தச் சண்டை முழுக்க என்ரை வீட்டிலதான் நடந்தது.”

அன்பர்களே, இனி நான் எழுதப்போவது என் குற்றம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் இதே அம்மா இதே பேச்சைத் தொடங்க என்னிடம் வந்திருந்தார். அன்று வேறொரு நகரில் எனக்கு இரண்டாவது திருப்பலி இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “செபமாலை சொல்லுங்கள், பொறுமையாயிருங்கள், இது ஆண்டவர் தந்த சிலுவை” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். சொன்ன சொற்களில் பொய்யில்லை. ஆனால் அவர் வாயை மூடுவதற்கு அவற்றைப் பயன்படுத்தினேன். அதன்பின் அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். இந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

ஓகூஸ் நகரின் நினைவுப் பூங்காவுக்கு உங்களில் பலர் பிள்ளைகளுடன் சென்றிருப்பீர்கள். அங்குள்ள வட்டக் கற்சுவரில் முதலாம் உலகப் போரில் மாண்ட 4,000க்கும் அதிகமான டேனியர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1864இல் இழந்த மண்ணில் பிறந்ததால் ஜெர்மன் சீருடை அணிந்து போரிட நேர்ந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். அம்மா பேசிய பின், அந்தச் சுவரில் இல்லாதவர்களை நினைத்துக்கொண்டேன். உயிரோடு திரும்பியவர்களின் பெயர்கள் அதில் இல்லை. அவர்களுக்குச் சோறு போட்டு, இரவில் அலறும்போது விளக்கேற்றி, காலையில் பிள்ளைகளிடம் “அப்பாவுக்குச் சுகமில்லை” என்று மட்டும் சொன்ன மனைவியரின் பெயர்களும் இல்லை. நாமும் இந்த மாதத்தில் மாண்டோருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறோம். அது நம் கடமை. திரும்பி வந்தவர்களோடு வாழ்ந்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

அன்னை மரியா பல நிகழ்வுகளைத் தம் உள்ளத்திலே வைத்துச் சிந்தித்ததாக லூக்கா எழுதுகிறார். உள்ளத்தில் வைத்திருந்தது நற்செய்தி நூலுக்குள் எவ்வாறு வந்தது? அன்னையிடமிருந்தே லூக்கா அறிந்தார் என்பது திருச்சபையின் பழைய மரபு. அப்படியானால், ஒருநாள் யாரோ அவர் அருகில் அமர்ந்து, அவசரமின்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்க ஒருவர் இருந்ததால்தான் கிறிஸ்து பிறப்பின் கதை நம் கையில் இருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். இளையோரே, உங்கள் அம்மம்மாவிடம், அப்பம்மாவிடம் சென்று அமருங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். சொல்ல முன்வந்தால் எழுந்து போகாதீர்கள். குடும்பத்தாரே, உறக்கமற்ற இரவுகளையும் காரணமில்லாத கோபத்தையும் விதி என்று விட்டுவிடாதீர்கள். வதைக்கு உள்ளானோரின் மறுவாழ்வுக்காக மருத்துவர் இங்க கெனெஃப்கெ 1982இலேயே கொப்பன்ஹேகனில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். வெளிநாட்டுப் பணியிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் 2011 முதல் ரிங்ஸ்டெட் நகரில் ஒரு நிலையம் இயங்குகிறது. காயம் வீட்டாருக்கும் பரவும் என்பதை இந்நாடு உணர்ந்திருக்கிறது. உங்கள் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். செபியுங்கள், வைத்தியரையும் நாடுங்கள். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

கடந்த ஞாயிறு நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆலய மண்டபத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தோம். இறுதியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்கோ சுவாமி, இப்ப இருந்து கேட்டனீங்கள்தானே” என்றார். அவர் சொல்வதைப் பேத்தி ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறாளாம். எழுத்து டேனிஷ் மொழியில். ஊர்ப் பெயர்கள் மட்டும் தமிழில்.

இன்னும் சில வாரங்களில் மீண்டும் வாணவேடிக்கை இரவு வருகிறது. உங்கள் மாடிக் குடியிருப்பிலோ அயலிலோ நிலவறைப் படியில் ஒருவர் அமர்ந்திருக்கக் கூடும். ஒரு கோப்பைத் தேநீருடன் நீங்களும் போய் அருகில் அமருங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை