மீதி 45 மில்லிகிராம்

இந்த விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். சர்க்கரை, முழங்கால் வலி, கண்புரை என்றால் நம் வயதுக்காரர்கள் காலை வாக்கிங்கில் விடிய விடியப் பேசுவோம். இது ஆண்களின் ஹார்மோன் சம்பந்தப்பட்டது. வாயைத் திறந்தாலே பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் "ஆண்மைக் குறைவா?" போஸ்டர்தான் கேட்பவர் மனசில் வந்து நிற்கும். "எழுதுங்களேன், இந்த வயசுல என்ன வெட்கம்? நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று என் மனைவி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

எனக்கு 57 வயது. ரயில்வே கணக்குப் பிரிவில் இன்னும் மூன்று வருட சர்வீஸ் பாக்கி. உடம்பில் ஓர் அசதி வந்து குடியேறிவிட்டது. ஆபீஸ் மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று ஏறுவேன். தினசரி ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவன், வாரம் ஒருமுறை பண்ணினால் போதும் என்று ஆனது. கோபமே வரவில்லை. "சாமியாராப் போயிட்டீங்களா என்ன?" என்று மனைவி கேட்டாள். தாம்பத்தியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அந்த நினைப்பே இல்லை. வயசாகிறது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

ஒருநாள் ரோட்டைக் கடக்கும்போது பக்கவாட்டில் வந்த ஸ்கூட்டர் கண்ணுக்கே தெரியவில்லை. கண் டாக்டரிடம் போனால் அவர் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் வளர்ந்து பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு வழியாகவே கருவியை விட்டு எடுத்துவிட்டார்கள். பார்வை திரும்பியது. சுரப்பி திரும்பவில்லை.

பட்டாணி அளவுள்ள இந்தச் சுரப்பிதான் உடம்பின் தலைமை ஆபீஸ். தைராய்டு, அட்ரீனல், விரைகள் எல்லாம் கிளை ஆபீஸ்கள். மேலிருந்து ஆர்டர் வராவிட்டால் கிளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தைராய்டுக்கு ஒரு மாத்திரை, அட்ரீனலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது டெஸ்டோஸ்டிரோன். காலை எட்டு மணி வாக்கில், இரண்டு வெவ்வேறு நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காலையில்தான் அது உச்சத்தில் இருக்குமாம், சாயங்காலம் பார்த்தால் கணக்குத் தப்பும். 300க்குக் கீழே போனால் குறைவு என்பது பொதுவாக வைத்திருக்கும் எல்லைக்கோடு. எனக்கு இரண்டு தடவையும் மூன்று இலக்கமே வரவில்லை.

இதற்கு மட்டும் சுலபமான மாத்திரை கிடையாது. டெஸ்டோஸ்டிரோனை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதியை ஈரலே சிதைத்துவிடும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் ஊசி. கடலை எண்ணெயில் கரைத்து வருகிற மருந்து. எண்ணெய் என்பதால் ஊசியும் தடிமன். இடுப்புக்குக் கீழே, சதையில் ஆழமாக.

ஊசி என்றால் எனக்கு ஐந்து வயதிலிருந்து பயம். பொன்மலையில் பள்ளிக்கூடத்துக்குக் காலரா ஊசி போட வருவார்கள். கண்ணாடி சிரிஞ்சை ஸ்டவ்வில் கொதிக்க வைக்கிற அந்தச் சத்தம் கேட்டாலே நான் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துவிடுவேன். 58 வயதில் குதிக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன்.

பயத்தைவிட ஏற்ற இறக்கம்தான் படுத்தியது. அந்த நாள் மாதச் சம்பளம் மாதிரி. முதல் வாரம் பை நிறைய, யாரிடமும் சண்டைக்குத் தயார். இரண்டாம் வாரம் சமநிலை. மூன்றாம் வாரம் கைமாற்று வாங்கும் நிலைமை, சோபாவை விட்டு எழுந்திருக்க மனசு வராது. என் முகத்தைப் பார்த்தே மனைவி காலண்டர் சொல்வாள்: "அடுத்த வாரம் ஊசி, இல்லையா?"

ரிடையர் ஆன பிறகு வேறொரு டாக்டரிடம் போனேன். ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட், என் மகள் வயதுப் பெண். முதல் பத்து நிமிஷம் கூச்சம், அப்புறம் பழகிவிட்டது. அவர்தான் ஜெல் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் 2000இல் இருந்து இருக்கிறதாம், நம் ஊரிலும் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. ஊசியைவிடச் செலவு கூடுதல். தினமும் காலை குளித்துத் துவட்டிய பிறகு ஒரு பாக்கெட்டைத் தோளிலும் மேல்கையிலும் தடவ வேண்டும். அந்தரங்க உறுப்பில் தடவக் கூடாது. தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு பனியன், சட்டை போட்டு மூடிவிட வேண்டும். என் ஜெல்லுக்கு ஐந்து மணி நேரம் தோளில் தண்ணீர் படக் கூடாது. இன்னொன்று, அது ஆல்கஹால் கலந்த பசை. ஈரம் காய்வதற்குள் நெருப்புப் பக்கம் போகக் கூடாது. காலையில் குளித்ததும் கற்பூரம் ஏற்றுகிற வழக்கம் எனக்கு. அதை மனைவிக்கு மாற்றிவிட்டேன்.

கணக்குப் பிரிவில் 35 வருடம் உட்கார்ந்தவன். பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தேன். 5 கிராம் ஜெல், 1 சதவீதம். அப்படியென்றால் 50 மில்லிகிராம் மருந்து. இதில் பத்தில் ஒரு பங்குதான் தோல் வழியாக உள்ளே போகும் என்றார் டாக்டர். ஆக 5 மில்லிகிராம். ஆரோக்கியமான ஆண் உடம்பு ஒரு நாளைக்குச் சுரப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஊசி மூன்று வாரச் சம்பளத்தை மொத்தமாகக் கையில் கொடுக்கிறது, ஜெல் தினக்கூலி. கணக்கு அழகாக டேலி ஆகிறது என்று பாராட்டினேன்.

"அப்ப மீதி 45?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டேன்.

டாக்டர் சிரித்தார். "அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். வீட்ல யார் யார் இருக்கீங்க?"

மீதி பெரும்பாலும் தோல் மேலேயே இருக்கிறது. காய்ந்துவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது. வேறொரு உடம்பு அங்கே உரசினால் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். பெண்களுக்கு முகத்தில் முடி, பரு வரலாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, வயிற்றில் இருப்பது பெண் சிசுவாக இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியையே மாற்றக்கூடும். சின்னக் குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். அவர்கள் உடம்பில் இந்த ஹார்மோன் இருப்பதே துளிதான், அதனால் கொஞ்சம் ஒட்டினாலும் அவர்களுக்கு அது பெரிய அளவு. 2009இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை இந்த ஜெல் பாக்கெட்டுகளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட உத்தரவிட்டது. ஒன்பது மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு பெரிதாவது, பருவ முடி முளைப்பது, எலும்பு வயதுக்கு மீறி முதிர்வது, முரட்டுத்தனம் என்றெல்லாம் வந்திருக்கிறது. காரணம், வீட்டில் பெரியவர் ஒருவர் தடவிய ஜெல். தொடர்பு நின்றதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் சிலருக்கு எலும்பின் வயது பழையபடி திரும்பவில்லை.

அப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்று வருடம் ஜெல் எனக்கு ஒத்துப்போனது. மூன்றாம் வார முகம் காணாமல் போயிற்று. என் பனியனை நானே தனியாகத் துவைத்துக் காயப்போடுவேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்த பிறகுதான் ஜெல். ஆடிப்பெருக்கன்று காவிரியில் முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தடவிக்கொண்டேன்.

சும்மா தடவிக்கொண்டே இருக்கிற மருந்து இல்லை இது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹீமட்டோக்ரிட் பார்க்க வேண்டும், 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள். பிராஸ்டேட்டுக்காக பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். பிராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை. குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் இளைஞர்களுக்கும் ஆகாது, விந்தணுவைக் குறைத்துவிடும். 2023இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் குறைவும் இதயநோயும் (அல்லது அதற்கான அபாயமும்) உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களில் ஒரு பாதிக்கு ஜெல், மறு பாதிக்கு வெறும் பசை கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் ஜெல்லால் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடுதலாக இருந்தன.

அறுபது தாண்டியவருக்கு அசதி என்றால் உடனே இதுதான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1889இல் பாரிசில் பிரவுன்-செகார் என்ற பெரிய உடலியல் விஞ்ஞானி, 72 வயதில், நாயின் விரையும் கினிப்பன்றியின் விரையும் பிழிந்த சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, வாலிபம் திரும்பிவிட்டது என்று விஞ்ஞானிகள் சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் ஹார்மோன் ஏறக்குறைய ஒன்றுமே இருந்திருக்காது என்பது இன்றைய கணிப்பு. அவருக்கு வந்த தெம்பு நம்பிக்கையின் தெம்பு. டெஸ்டோஸ்டிரோனைச் சுத்தமாகப் பிரித்தெடுத்ததே 1935இல்தான். நம் பஸ் ஸ்டாண்டு போஸ்டர்க்காரர்கள் இன்னும் 1889இலேயே இருக்கிறார்கள்.

போன கார்த்திகையில் பெங்களூரிலிருந்து மகள் போன் பண்ணினாள். இரண்டாவது உண்டாகியிருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு, அங்கிருந்து நேரே நம் வீடு, பிரசவம் முடிந்து மூன்று மாதம் வரை இங்கேதான். கூடவே மூன்றரை வயதுப் பேத்தி. மனைவி அன்றைக்கே பருப்புப்பொடி லிஸ்ட் போட ஆரம்பித்தாள். நான் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

"ரெண்டு வழி இருக்கு சார். தோளுக்குப் பதிலா வயித்துல தடவிக்கோங்க, முழுக்க மூடிக்கோங்க. குழந்தையைத் தூக்கறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவிடுங்க. துண்டு, தலகாணி யாருக்கும் கொடுக்காதீங்க. மகளுக்கும் சொல்லி வையுங்க. ஒழுங்கா இருந்தா பயமில்ல. இல்லேன்னா அந்த அஞ்சு மாசம் மட்டும் ஊசி."

ஒழுங்கு எனக்குப் புதிதில்லை. மூன்று வருடம் இருந்து காட்டியிருக்கிறேன். ஆனால் பேத்தி ஒழுங்கு பார்த்து வருகிற ஆள் இல்லை. நான் தினமணி படித்துக்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். தாத்தா சட்டைக்குள் தலையை விட்டு ஒளிந்துகொள்வாள். நடு ராத்திரியில் எழுந்து வந்து என் போர்வைக்குள் புகுந்துகொள்வாள். "தாத்தாவைத் தொடாதே" என்று ஐந்து மாதம் அந்தக் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? பிறகு பச்சைக் குழந்தை வேறு. பால் குடித்ததும் ஏப்பம் விடத் தோளில் போடுவது எங்கள் வீட்டில் தாத்தாவின் டிபார்ட்மென்ட். முதல் பேத்திக்கும் நான்தான்.

கணக்குப் போட்டேன். ஜெல் என்றால் ஐந்து மாதத்தில் 150 காலை, ஒன்றில்கூடப் பிசகக் கூடாது. ஊசி என்றால் மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஏழு.

"மேடம், ஊசியே போட்டுடுங்க" என்றேன். அவருக்கு என் சுவரேறிக் குதித்த கதை தெரியும். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தார். ஊசியில் ரத்தம் கெட்டியாகும் வாய்ப்பு ஜெல்லைவிட அதிகம், அதனால் இடையில் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை என்றும் எழுதினார். மகள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஜெல்லை நிறுத்தினேன். பழைய பனியன், தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் சோப்புப் போட்டு அலசினோம். மீதியிருந்த 22 பாக்கெட்டுகள் பீரோ லாக்கரில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பேத்திக்குச் சாவி எட்டாது.

ஐந்து ஊசி ஆயிற்று. மூன்றாம் வார அசதி பழைய சிநேகிதன் மாதிரி திரும்பி வந்துவிட்டது. மனைவியும் பழையபடி காலண்டர் சொல்கிறாள். பேரன் பிறந்து ஆறு வாரம். இதை எழுதுவதற்குச் சற்று முன்னால்கூட என் வலது தோளில் பாதிப் பாலைக் கக்கிவிட்டுத்தான் தூங்கப் போனான்.

அடுத்த ஊசி வருகிற வியாழக்கிழமை. பேத்தியும் கிளினிக்குக்கு வருகிறாளாம். தாத்தா அழுதால் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று கேட்கிறாள்.