தூண்கள் போய் வந்த கதை

எம்.கே.பி. நகரிலிருந்து சென்னைக் கோட்டைக்கு நேர்வழி இருக்கிறது. நான் பழைய ஜெயில் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். பிரெஞ்சுக்காரனுக்குப் பயந்து கட்டிய மதிலின் மிச்சம் அங்கேதான் நிற்கிறது. ஷேர் ஆட்டோ வியாசர்பாடியைத் தாண்டி, பேசின் பிரிட்ஜில் நெரிசலில் கொஞ்ச நேரம் வெந்து, மின்ட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து நடை.

மதிலின் மேல் பூங்கா அமைத்ததால் அந்த இடத்துக்கு மாடிப்பூங்கா என்று பெயர். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இதுதானே பழைய கோட்டைச் செவுரு?" என்று கேட்டேன். "செவுரா? மேடுனுல்ல நெனச்சிக்கினு இருக்கேன் இத்தினி வருசமா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பலகை தவிர வேறெதுவும் அதை மதில் என்று சொல்லவில்லை.

1758 டிசம்பரில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்குள் புகுந்தான். படை கடைகண்ணிகளைச் சூறையாடியது. கோட்டையை இரண்டு மாதம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் பீரங்கிகளைக்கூட விட்டுவிட்டுப் போனான். அந்தப் பயத்தில் எழுந்ததுதான் இந்த மதில். செலவை ஊர்மக்கள் தலையில் வரியாகப் போடப் பார்த்தார்கள். வரி வசூலாகவில்லை என்பார்கள். பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டது.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரம் ஒரு எல்லைத் தூண் இருக்கிறது. கோட்டையிலிருந்து அந்த எல்லைவரை வீடு கட்டக்கூடாது என்பதற்காக நட்ட தூண்களில் இது ஒன்றுதான் மிச்சம். எதிரே உயர்நீதிமன்ற வளாகம் இருக்கும் இடம்தான் முதல் கறுப்பர் நகரம். அதில் ஒரு பகுதியை, லாலிக்கு முன்பே ஒருமுறை சென்னையைப் பிடித்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மீதியையும் இடித்தார்கள். பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான நியாயம்.

கோட்டை வாசலில் பையைத் திறந்து காட்டி உள்ளே போனேன். சட்டமன்றக் கட்டடத்தை வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. முகப்பில் வரிசையாகக் கறுப்புக் கல் தூண்கள். நான் வந்தது இவற்றுக்காகத்தான். 1730களில் கடல்வாசலுக்குப் போகும் நடைக்கு நிழல்மண்டபமாக நிறுத்தப்பட்டவை. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இவற்றைப் பிடுங்கிக் கப்பலேற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் மறுபடியும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு கல்தூண் என்ன எடை இருக்கும்! அதைப் போய்ப் படகில் ஏற்றி, அலை தாண்டி… வீம்புக்கு விலை கிடையாது போலிருக்கிறது. பக்கத்தில் செயின்ட் மேரி தேவாலயத்தின் பீடத்துக்கு மேலே இருக்கும் கடைசி இராவுணவு ஓவியமும் புதுச்சேரிக் கொள்ளையில் வந்ததுதான் என்கிறார்கள்.

1746இல் சென்னையைப் பிடித்தவன் லா போர்தொனே. அவன் வந்தது பிரான்சிலிருந்து அல்ல, மொரீசியஸிலிருந்து. அன்று அதன் பெயர் 'பிரான்சுத் தீவு'; அவன் அங்கே 1735 முதல் கவர்னர். போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுபோனவன். கப்பல்களைத் திரட்டிக்கொண்டு வந்து, சென்னையைப் பணயமாக வைத்துப் பதினொரு லட்சம் வராகன் பேரம் பேசினான். பணத்தை வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவது அவன் கணக்கு. ஊரே வேண்டும் என்பது புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேக்ஸின் கணக்கு. இந்தச் சண்டையைத் தமிழில் பக்கம் பக்கமாக எழுதி வைத்தவர் துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் பிறந்தது பெரம்பூர். எங்கள் நகரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே அவர் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

1761 ஜனவரி 12இல் பிள்ளை இறந்தார். 16ஆம் தேதி புதுச்சேரி விழுந்தது. அதற்குப்பின் அங்கே நடந்ததை ஆட்சிமாற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னை கவர்னர் பிகாட் கோட்டையையும் மாளிகைகளையும் வெடிவைத்துத் தகர்த்தார். கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் லாலி தகர்த்ததற்குப் பழி. சமாதானம் வந்தால் திருப்பிக் கொடுக்க நேருமே என்ற கணக்கும் உண்டு. அப்படியே நேர்ந்தது. 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டது இடிபாடுகளைத்தான்.

கோட்டையிலிருந்து வெளியே வந்து, சாலைக்கு அந்தப்பக்கம் துறைமுகச் சுவரோரமாக நடந்தேன். இந்தக் கரையிலிருந்து 1810இல் சிப்பாய்கள் கப்பலேறினார்கள், லா போர்தொனேயின் தீவைப் பிடிக்க. செயற்கைத் துறைமுகம் அன்று கிடையாது. மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். சென்னைக்கு வரும் வணிகக் கப்பல்களைப் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவிலிருந்து வந்து பிடித்துக்கொண்டே இருந்தார்கள் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆத்திரம். தீவின் கவர்னர் தெக்கேன், மறுபடியும் ஆங்கிலேயர்கள் கையிலிருந்த புதுச்சேரியை ஆள 1803இல் வந்து, அவர்கள் கொடுக்க மறுத்ததால் அப்படியே மொரீசியஸுக்குப் போனவர். 1810 நவம்பர் 29ஆம் தேதி படை தீவில் இறங்கியது. டிசம்பர் 3ஆம் தேதி தெக்கேன் சரணடைந்தார்.

புதுச்சேரியில் செய்ததற்கு நேர்மாறாக ஆங்கிலேயர்கள் அந்தத் தீவில் செய்தார்கள். மதம், சட்டம், வழக்கம், தனிச்சொத்து எதிலும் கைவைப்பதில்லை என்று சரணடைவுப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பிரெஞ்சுப் படையைச் சிறைப்பிடிக்காமல் ஆங்கிலேயக் கப்பல்களிலேயே ஊருக்கு அனுப்பினார்கள். முதல் ஆங்கிலேயக் கவர்னர் ஃபார்குவார் பிரெஞ்சுத் தோட்டக்காரர்களோடு குழைந்து குழைந்து ஆண்டார். இதைப் பெருந்தன்மை என்று எழுதுகிற புத்தகங்கள் உண்டு. எனக்கு அது சிக்கனமாகத் தெரிகிறது. தீவில் ஆங்கிலேயக் குடிகள் இல்லை. கரும்பு போடத் தெரிந்தவன் பிரெஞ்சுக்காரன். அவனை விரட்டினால் வருமானம் ஏது?

'தனிச்சொத்து' என்ற சொல்லுக்குள் மனிதர்களும் இருந்தார்கள். தீவில் பெரும்பாலோர் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1807இலேயே அடிமை வியாபாரத்தைத் தடை செய்திருந்தும், வெற்றிக்குப் பிறகு பல ஆண்டுகள் திருட்டுத்தனமாக அடிமைகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது இருபது லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டஈடு கொடுத்தார்கள், அடிமைக்கு அல்ல, எஜமானுக்கு. காலியான தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் பிடித்தார்கள். போர்ட் லூயிஸில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஏறிய இந்தக் கரையில் அதற்கு ஓர் அடையாளமும் என் கண்ணில் படவில்லை. லாரிகள்தான் வரிசையாக நிற்கின்றன.

1814 பாரிஸ் ஒப்பந்தம் மொரீசியஸை ஆங்கிலேயர்களிடம் நிறுத்தியது. புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பியது. கைக்கு வர 1816 ஆயிற்று. எம்.கே.பி. நகர் என்றால் மகாகவி பாரதி நகர். அந்தப் பாரதி 1908இல் வாரண்டுக்குத் தப்பிப் புகுந்தது அப்படித் திரும்பிப் போன ஊரில்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இதெல்லாம் கனவிலும் வந்திருக்காது.

மொரீசியஸில் 1840களில் மேல்நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலமாயிற்று. சட்டம் மாறவில்லை. 1968இல் விடுதலை பெற்ற அந்நாட்டில் இன்றும் வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடுகிறார். பாகப்பிரிவினைக்கு அவர் புரட்டுவது நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்தின் வழிவந்தது. கடைசி அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது. ரூபாய் நோட்டில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்கடுத்து இந்தி. 1998இல் இந்தியை முன்னே போட்டுப் புது நோட்டு வந்தபோது, நாங்கள் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வந்தவர்கள் என்று தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசைப்படியே அச்சடித்தார்கள்.