லைப்ஜிக்: காகிதத்தால் வாழ்ந்த ஊர்

ஜெர்மனியின் லைப்ஜிக் என்றால் சங்கீதக்காரர்களுக்கு பாக் ஞாபகம் வரும். 1723 முதல் 1750-இல் கண்ணை மூடும்வரை தாமஸ் தேவாலயத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மகான். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கோ ரெக்லாம் கம்பெனிதான் முதலில்! 1867-இல் கதேயின் 'பாஸ்ட்' நாடகத்தைச் சில்லறைக் காசுக்கு அச்சிட்டுக் கொடுத்தார்களே, அது சின்னக் காரியமா? நம் குறளைக் கூட கிரவுல் பாதிரியார் 1856-இல் அங்கேதான் ஜெர்மன் மொழியில் அச்சேற்றினார்.

1943 டிசம்பர் 4 விடியற்காலையில் பிரிட்டிஷ் குண்டுகள் விழுந்தன. அச்சகங்கள் நிறைந்த பேட்டையே எரிந்தது. யுத்தம் முடிந்ததும் பதிப்பாளர்கள் பலர் மேற்கே போய்விட்டார்கள். 1989 அக்டோபர் 9 அன்று 70,000 பேர் தெருவில் நடந்தே சர்க்காரை ஆட்டிவைத்தார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. சுவர் விழுந்தது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

இப்போது அங்கே மோட்டார் கார் செய்கிறார்கள். நல்ல பிழைப்புத்தான். ஆனாலும் வசந்தம் வந்தால் புத்தகச் சந்தைக்கு இன்னும் கூட்டம் நெரிகிறது.