கடன் கொப்பி

சாவகச்சேரிச் சந்தையை அண்டிய பலசரக்குக் கடையொன்றில், முதலாளியின் மேசைக்கு மேலே "இன்று ரொக்கம், நாளை கடன்" என்றெழுதிய அட்டையொன்று நெடுங்காலமாகத் தொங்கிற்று. அதனை எவரும் பொருட்படுத்தியதில்லை. அட்டையின் கீழிருந்தவாறே முதலாளி கொப்பியை விரித்து, மட்டுவிலிலிருந்தும் மீசாலையிலிருந்தும் வந்தவர்களின் பெயர்களுக்கு நேரே பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம் என எழுதிக்கொள்வார். 2022ஆம் ஆண்டிலேதான் அவ்வாசகம் முதன்முறையாக உண்மையாயிற்று.

அழிவு அத்தெருவுக்குப் புதியதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அரும்பொருள்களாயின. 2000ஆம் ஆண்டுச் சமரில் நகரின் பெரும்பகுதி இடிந்து வீழ்ந்தது. 2006 ஓகஸ்டில் கண்டி வீதி மூடப்பட்டபோது தென்னிலங்கைப் பொருள்கள் தரைவழியே வருவது நின்றது. ஒவ்வொரு முறையும், தகரக் கூரையின் கீழாயினும், கடைகள் மீண்டன. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தமையே அதற்குப் பெரிதும் உதவிற்று.

அந்த அறிமுகத்தின் எழுத்து வடிவமே கடன் கொப்பி. ஆசிரியர் சம்பள நாளில் தீர்ப்பார். கமக்காரர் காலபோக அறுவடை முடிந்து தை, மாசியில் தீர்ப்பார். வெளிநாட்டில் பிள்ளைகளையுடையோர் காசு வந்ததும் தீர்ப்பர். முதலாளியும் யாழ்ப்பாணத்து மொத்த வணிகரிடம் பின்திகதியிட்ட காசோலையைக் கொடுத்தே சரக்கெடுப்பார். மொத்த வணிகருக்கும் புறக்கோட்டையில் தவணையுண்டு. இதனைத் தருமமென்று வருணிப்பது பிழையாகும். வட்டி விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது. கடன்பட்டவர் வேறு கடைக்குப் போகவும் கூசுவார். ஆயினும், வங்கி ஏறெடுத்தும் பாராத குடும்பங்களுக்கு மாதக்கடைசியில் உலையேற்றியது அக்கொப்பியே என்பதை மறுப்பதற்கில்லை.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது அந்தப் போகத்துக்குக் காலம் கடந்துவிட்டது. நாடெங்கும் நெல் விளைச்சல் வீழ்ந்தது. கொப்பியிற் பெயருள்ள கமக்காரர் மாசியில் வரவில்லை. வந்தவரும் பாதியைக் கொடுத்துத் தவணை கேட்டனர். அடுத்த மாதம், 2022 மார்ச்சில், ரூபாவின் பெறுமதி மிதக்கவிடப்பட்டது. ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நாடே இடைநிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

இவ்வெண்களைப் பொருளியல் மாணவர் நன்கறிவர். அவை ஒரு கொப்பிக்குள் புகுந்து செய்த வேலை அவ்வளவு அறியப்பட்டதன்று. கடன் ரூபாவிலே எழுதப்பட்டிருந்தது. ஓராண்டு கழித்து அத்தொகை சதமும் குறையாமல் வந்தாலும், அதைக்கொண்டு முன்னர் விற்ற சரக்கில் ஏறக்குறையப் பாதியையே வாங்க முடிந்தது. ஏமாற்றியவரால் மட்டுமன்றி, நேர்மையாகத் தீர்த்தவராலும் கடை தேய்ந்தது. அயல்வீட்டில் ஒரு சுண்டு அரிசி கடன் வாங்கிய பெண் ஒரு சுண்டு அரிசியையே திருப்பிக் கொடுக்கிறாள். விலை ஏறினாலென்ன, இறங்கினாலென்ன? கடைக்காரருக்கு அந்தக் காப்பு இருக்கவில்லை. மொத்த வணிகரோ தவணையை நிறுத்தி, காசை வைத்தாற் சரக்கு என்றார்.

பழைய கடன்களைப் புதிய விலைக்கு மாற்றி எழுதலாமா என்று அக்கடைக்காரர் பல இரவுகள் யோசித்ததுண்டு. எழுதவில்லை. கடன்பட்டவரின் கண்முன்னே எழுதிய எண்ணை அவர் இல்லாதபோது மாற்ற அவருக்குக் கை வரவில்லை. புதிதாகக் கடன் கொடுப்பதை மட்டும் நிறுத்தினார். மனைவியின் காப்பை அடகு வைத்துச் சரக்கெடுத்தார்.

கடன் நின்றதும் தெருவின் நடமாட்டமும் குறைந்தது. பலசரக்குக்கு வருபவரே தையற்காரரிடமும் புடைவைக் கடையிலும் ஏறிச் செல்பவர். பெற்றோல் இல்லாமையால் தூரத்துக் கிராமத்தவர் சந்தைக்கு வருவதையே தள்ளிப்போட்டனர். மின்வெட்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. போட்டோப் பிரதிக் கடைக்குக் கடதாசி கிடைக்கவில்லை. தேநீர்க் கடைக்கு எரிவாயு கிடைக்கவில்லை. சைக்கிள் திருத்துபவர் ஒருவருக்கே ஓய்வில்லாத வேலையிருந்தது! 2023 யூலையில் பணவீக்கம் 6.3 வீதமாகத் தணிந்தபோது நாடு மீள்கிறதென்று பேசப்பட்டது. விலை ஏறும் வேகந்தான் தணிந்தது. ஏறிய விலை பெரும்பாலும் ஏறியபடியே நின்றது. கொப்பியிற் கரைந்த முதல் எவருக்கும் திரும்பவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், மாசியில், மட்டுவிலிலிருந்து ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். அவ்வருட நெல் விற்ற காசு கையிலிருந்தது. 2021இன் கடைசியில் எழுதிய கணக்கு அவருடையது, 11,640 ரூபா.

"அண்ணை, நல்லாப் பிந்திப்போச்சு. குறை நினையாதேங்கோ."

"அதுக்கென்ன தங்கச்சி, கொண்டுவந்திட்டீங்கள்தானே."

அவர் காசை இருமுறை எண்ணினார். பக்கத்தின் குறுக்கே கோடிட்டார். தீர்ந்த கணக்கில் நான்கு பெட்டி பால்மாவும் இருந்தது. பெண்மணி தட்டிலிருந்த பால்மாவைக் காட்டி விலை கேட்டார். முதலாளி விலையைச் சொல்லிவிட்டு வேறுபக்கம் பார்த்தார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

"அப்ப தேயிலை மட்டும் தாங்கோ. ஐம்பது கிராம் காணும்."

தேயிலைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தபின், பழக்கத்தால் அவர் கை கொப்பியின் பக்கம் போயிற்று. பெண்மணி சில்லறையை முன்னரே எண்ணி வைத்திருந்தார்.