நாலு கட்டிலுக்கு ஒரே மக்

முதியோர் இல்லத்தில் பொறுப்பு நர்ஸாக இருந்த காலத்தில், டாக்டரைக் கேட்காமலே பல முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறேன். யூரின் பேக்கில் சிறுநீர் கலங்கலாகத் தெரிந்தாலோ, கொஞ்சம் வாடை அடித்தாலோ போதும். தெருமுனை மெடிக்கலுக்குப் பையனை அனுப்பி செஃபிக்ஸிம் வாங்கிவரச் சொல்வேன். 2014 மார்ச்சிலிருந்து அது ஷெட்யூல் ஹெச்1 மருந்து. டாக்டர் சீட்டு வேண்டும், யாருக்கு யார் எழுதியது என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

காய்ச்சல், குளிர், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் என்று ஏதாவது இருந்தால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். மாதக்கணக்கில் சிறுநீர் டியூப் போட்டிருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி இருக்கும். தொந்தரவு செய்யாத கிருமிக்கு மாத்திரை கொடுத்தால் சாதுவானவை சாகும், மருந்துக்கு அடங்காதவை மிஞ்சிப் பெருகும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிற பிள்ளைகள் பேக்கைப் பார்த்துவிட்டு, "என்ன சிஸ்டர், இப்படிக் கலங்கலாப் போகுது, ஒண்ணும் குடுக்கலையா?" என்பார்கள். "குடுத்துட்டிருக்கோம் சார்" என்று சொல்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. சிறுநீர் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவேன். மிச்ச ஸ்ட்ரிப் அலமாரிக்குப் போகும், அடுத்தவருக்கு.

அதைவிடப் பெரிய தப்பு அந்தப் பச்சை பிளாஸ்டிக் மக். அறையில் நாலு கட்டில், நாலு பேக், ஒரே மக். ஆயாம்மா பேக்கின் அடிக்குழாயைத் திறந்து மக்கில் வடிப்பார். குழாய் நுனி மக்கின் விளிம்பில் இடிக்கும். பாத்ரூமில் கொட்டி, ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசி, அதே கிளவுஸோடு அடுத்த கட்டிலுக்குப் போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஷிஃப்டுக்கு இரண்டு ஜோடி கிளவுஸ்தான் என்று கணக்கு வைத்தவளே நான்தான். அந்தக் கிளவுஸ் ஆயாம்மாவின் கையைக் காத்தது, பாட்டிகளைக் காக்கவில்லை.

ஜன்னலோரக் கட்டில் பாட்டிக்கு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்று போட்டிருந்தது. மருந்துப் பெயர்களுக்கு எதிரே 'ஆர்', 'ஆர்' என்று வரிசையாக இறங்கியது. ஆர் என்றால் ரெசிஸ்டன்ட், அந்த மருந்து பலிக்காது. செஃபிக்ஸிமுக்கும் ஆர்தான். கடைசியில் நரம்பு வழியாக ஏற்றிய மெரோபெனம்தான் கேட்டது. பாட்டி திரும்பி வந்தார். சில வாரத்தில் பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் அதே கிருமி, ரிப்போர்ட்டில் அதே வரிசை. அவர் திரும்பவில்லை.

"ஆஸ்பத்திரியிலதான் சிஸ்டர் எதையோ ஒட்டவெச்சு விட்டுட்டாங்க" என்றார் அந்தப் பாட்டியின் மகன். நான் தலையாட்டினேன். மக்கால்தான் பரவியது என்று எந்த லேபும் எழுதித் தரவில்லை. எனக்கு அது எழுதித் தர வேண்டியதும் இல்லை. இன்றுவரை அவரிடம் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு கட்டிலுக்கு ஒரு மக் என்று நம்பர் எழுதி வைத்தேன். ஒவ்வொரு பேக்குக்கும் புது கிளவுஸ், கழற்றியதும் சோப்புப் போட்டுக் கைகழுவல். இதற்கு ஆன செலவு ஒரு நாள் மெரோபெனம் செலவுக்குக்கூட வராது.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஏதாவது இல்லத்தில் டியூபோடு இருக்கிறாரா? பேக் கலங்கலாக இருக்கிறதென்று மட்டும் மருந்து கேட்காதீர்கள். பேக்கை எதில் வடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த மக்கை எடுத்து வந்து காட்டச் சொல்லுங்கள்.